சுண்டுவிரல் இருந்த பக்கம்

காக்கநாடு, கொச்சி
2025 ஜூன் 8, ஞாயிறு, காலை 7.20

ஆதிரா,

பார்சலைப் பிரித்ததும் முதலில் எண்ணிப் பார். துணி ஒன்று. சோதனைத் துண்டு மூன்று. வெள்ளைப் பட்டுநூல் நான்கு கண்டு. இந்தக் கடிதம் ஒன்று. மொத்தம் ஒன்பது. குறைந்தால் கூரியர்காரனிடம் கேள், என்னிடம் கேட்காதே.

போன் கூடாது, எதையும் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று பிப்ரவரியில் நீ போட்ட சட்டத்தை மதித்து எழுதுகிறேன். இரண்டு நிமிடத்தில் போனில் முடிகிற விஷயம். சொன்னால் "போன்ல நீ என்னப் பேச விடமாட்ட" என்பாய். சரி, எழுதுகிறேன்.

துணியை விரிக்கும் முன் உட்கார்ந்துகொள். அது உன் அம்மை.

நாம் தேடித் தேடிக் கிடைக்காத படம் கிடைத்துவிட்டது. போன மாதம் என் அப்பாவின் நெகட்டிவ் பெட்டிகளைக் குலசேகரம் ஸ்டுடியோவிலிருந்து இங்கே கொண்டுவந்தேன். பழைய பிளாஷ் பெட்டிக்குள் தனியாக ஒரு கவர். மேலே அப்பா கையெழுத்தில்: "முத்துக்கனி, மகளோடு. 2003. ரோல் முடிக்க எடுத்தது."

உனக்கே தெரியும். எஸ்டேட் ஆட்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க அப்பா போவார். ஆட்கள் முடிந்த பிறகும் ரோலில் ஒன்றிரண்டு மிச்சமிருக்கும். அதைக் கழுவ வேண்டுமானால் ரோலை முடித்தாக வேண்டும். அதனால் கண்ணில் பட்டதை எடுத்துத் தள்ளுவார். அப்படிக் கண்ணில் பட்டது நீங்கள் இரண்டு பேர். ரப்பர் மரம், மேலே வெட்டு, சிரட்டைக்குள் பால். உன் அம்மை கையில் வெட்டுக்கத்தி, சேலைக்கு மேல் சட்டை, தலையில் துண்டு. பக்கத்தில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நாலு வயது நீ. மூக்கு ஒழுகுகிறது. அதை நான் துடைக்கவில்லை, கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலைதான், ஆனாலும் துடைக்கவில்லை.

வேலை விவரம். படத்தை அச்சடித்திருப்பது பருத்தித் துணியில், நிறம் போகாது, ஆனால் நனைக்காதே. எட்டாம் நம்பரைவிடத் தடித்த ஊசி போடாதே. நூலைப் பிரிக்கலாம், துளையைப் பிரிக்க முடியாது. விழுந்தால் விழுந்ததுதான்.

ஆகஸ்ட் 23 அன்று ஃபோர்ட் கொச்சியில் கண்காட்சி. கோட்டயத்து டாக்டர் இதன் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, தைத்து முடியும் முன்பே தனக்கு வேண்டும் என்கிறார். அப்பா எடுத்த படங்களை நான் துணியில் அச்சடித்து நீ தைத்த பதினொன்றில் ஆறு ஏற்கெனவே அவர் சுவரில்தான் இருக்கிறது. இது பன்னிரண்டாவது. ஆகஸ்ட் 15க்குள் என் கையில் இருக்க வேண்டும்.

சுஜின்

*

மயிலாடி
15.6.2025

சுஜினுக்கு,

எண்ணிப் பாத்தேன். ஒம்பதும் இருக்கு.

நீ சொன்னபடி உக்காந்துதான் விரிச்சேன். அத்தை அடுக்களையில இருந்து "என்னட்டி, சத்தத்தக் காணல்ல" என்று கேட்டது. வந்து பாத்துட்டு அது அரிவாமணைக்கே போயிட்டு. இத்தனை வருசமா எனக்கு அம்மைன்னா பழைய ரேசன் கார்டுல உள்ள ஒரு கறுப்புப் பொட்டுதான். இப்ப அந்தப் பொட்டுக்கு மூக்கு இருக்கு, என் மூக்கு. நெத்தியில ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு, அத யாரும் சொல்லல்ல.

உனக்கு நன்றி சொல்லணும். சொல்லுகேன். ஆனா பிப்ரவரியில நீ சொன்னத மறந்துட்டேன்னு நினைக்காத. அந்த டாக்டர் முன்னால நின்னு "படம் என்னுது, மேல அவ தையல் போடுவா" என்று சொன்னவன் நீ. தையல் போடுகதுக்கு அங்க என்ன, யாருக்காவது ஜாக்கெட் கிழிஞ்சா கிடந்துது?

இருக்கட்டும். இப்ப ஒரு காரியம் கேக்குகேன், சாடாமப் பதில் சொல்லு.

அம்மை சாவும்போ எனக்கு நாலரை வயசு. எனக்கு அவளப் பத்தி உள்ளது ஒரே ஒரு ஞாபகம். அத உனட்ட சொன்னதில்ல, யாருட்டயும் சொன்னதில்ல. வெளிச்சம் வரமுன்ன ரப்பருக்குள்ள நடக்கோம். அம்மைக்கு வலது கையில கத்தி. அதனால நான் எப்பவும் இடது பக்கம். அவளோட இடது சுண்டுவிரல முழுக்கையாலயும் பிடிச்சிருக்கேன். விரல்ல பட்ட ரப்பர்பால் காஞ்சு, ஒட்டுப்பாலாகித் தோல் மாதிரி இருக்கு, நான் அத நகத்தால உரிச்சுக்கிட்டே நடக்கேன். அவ்வளவுதான். முகம் கிடையாது, குரல் கிடையாது. விரலும் அந்தப் பக்கமும் மட்டும்.

படத்துல கத்தி இடது கையில இருக்கு. நான் வலது பக்கம் நிக்கேன்.

இன்னொண்ணு. அம்மை வேலைக்குப் போட்டது எங்கப்பன் விட்டுட்டுப் போன சட்டைன்னு அத்தை சொல்லும். படத்துல பட்டன் பொம்பளச் சட்டைக்கு உள்ள பக்கம் இருக்கு. நான் தையல்காரி, எனக்கு இது முதல்ல கண்ணுல படும்.

அத்தைட்ட கேட்டேன். அது அம்மைய ரெண்டே தடவைதான் பாத்திருக்கு. கல்யாணத்துக்கு ஒண்ணு, சாவுக்கு ஒண்ணு. "எந்தக் கைன்னு யாருட்டீ பாத்தா" என்கு.

நீ நெகட்டிவத் திருப்பிக் கிருப்பிப் போட்டியா? பாத்துச் சொல்லு. சொன்ன பிறவுதான் ஊசி எடுப்பேன்.

ஆதிரா

*

காக்கநாடு
2025 ஜூன் 20, வெள்ளி, காலை 8.05

ஆதிரா,

இல்லை.

ஒரு வார்த்தையில் முடிந்தது, ஆனால் நீ விடமாட்டாய், அதனால் நான்கு வார்த்தை கூட.

நான் பிரிண்டிங் டெக்னாலஜி படித்தவன். எட்டு வருடமாக ஸ்கேன் செய்கிறேன். மாதத்துக்கு நானூறு நெகட்டிவ் இந்தக் கை வழியாகப் போகிறது. திருப்பிப் போடுவது முதல் வாரம் வேலைக்கு வந்தவன் செய்கிற தப்பு.

உன் அம்மை இடங்கைக்காரி. நூற்றில் பத்துப்பேர் அப்படித்தான். சட்டை பெண்கள் சட்டையாக இருக்கலாம். அத்தை தப்பாகச் சொல்லியிருக்கலாம். இரண்டே தடவை பார்த்தவள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

உன் ஞாபகத்தைப் பற்றி. நாலரை வயதில் பார்த்தது அப்படியே இருக்காது. கொஞ்சம் கேட்டது, கொஞ்சம் கனவு, கொஞ்சம் வேறு யாருடைய விரலோ. நீ வலங்கைக்காரி என்பதால் அம்மை கையிலும் வலப்பக்கம் கத்தியைக் கொடுத்திருக்கிறாய். படம் பொய் சொல்லாது. உன் ஞாபகம்தான் திரும்பிக் கிடக்கிறது.

பிப்ரவரி பற்றி. டாக்டர் கேட்டார், நான் சுருக்கமாகச் சொன்னேன். படம் யார், தையல் யார் என்று சொல்வதில் என்ன அவமானம்? எனக்குப் புரியவில்லை.

எட்டு வாரம் இருக்கிறது. தொடங்கு.

சுஜின்

*

மயிலாடி
6.7.2025

சுஜின்,

தொடங்கியாச்சு.

நீ படிச்சவன் சொல்லுக. ஞாபகத்துக்கு நானெங்க போய் ரசீது வாங்க? சரின்னு ஒத்துக்கிட்டேன். மரத்தக் காம்புத்தையல்ல முடிச்சிருக்கேன், ஆறு இழை நூலுல ஒரு இழையப் பிரிச்சு. வெட்டுல இருந்து சிரட்டைக்கு இறங்குக பாலுக்கு நீ அனுப்பின பட்டுநூல்.

அம்மையோட கைக்கு வந்தப்ப யோசிச்சேன். அவ இடங்கைன்னா, அவ கை ரெண்டையும் நானும் இடங்கையால தைக்கலாமேன்னு. சோதனைத் துண்டு மூணும் அதுலயே தீந்துது. முதல் துண்டுல என் தையலப் பாத்தா கோழி கிண்டினதுபோல இருந்துது. பக்கத்துல சிலை கொத்துக கிருஷ்ணமணி அண்ணன் கல்லுல இருந்து கண்ண எடுத்துப் பாத்துட்டு, "என்ன ஆதிரா, வலங்கைய அடகு வச்சாச்சா?" என்றாரு. மூணாவது துண்டுல கொஞ்சம் வசப்பட்டுது. இப்ப துணியிலயே தைக்கேன். ஒருநாளைக்கு ஒரு விரல் நகம் அளவு நகருது.

தைக்கது சரியாத்தான் வருது. மத்ததுதான் வரல்ல.

நீ சொன்ன பிறவு நான் அந்த ஞாபகத்த மாத்திப் பாத்தேன். கண்ண மூடி, அம்மைக்கு இடது கையில கத்தியக் குடுத்து, நான் வலது பக்கமாப் போய் நின்னு, அந்தச் சுண்டுவிரலப் பிடிச்சேன். ரெண்டு நாள் பிடி கிடைச்சுது. மூணாம் நாள் விரல் இல்ல. சரி, பழைய பக்கத்துக்கே போவோம்னு இடது பக்கம் வந்தேன். அங்கயும் இல்ல. ஒட்டுப்பால உரிச்ச நகம் மட்டும் சும்மா ஆடுது.

இப்ப எனக்கு ஒரு படம் இருக்கு. நல்ல தெளிவான படம். அதுக்கு முன்ன இருந்தது போயிட்டு.

இத உனட்ட சொல்லி என்னத்துக்கு. நீ நூத்துல பத்துப்பேர்னு கணக்கு சொல்லுவ.

ஆதிரா

*

காக்கநாடு
2025 ஜூலை 13, ஞாயிறு, காலை 6.50

ஆதிரா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. தெரியாததை எழுதி என்ன பயன். அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

2019 ஜூன், சனிக்கிழமை, பதினொன்று இருக்கும். நல்ல மழை. குடை வெளிப்புறமாக மடங்கிப்போய், தலை நனைந்து, ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றாய். "இங்க எடுத்த படமெல்லாம் வச்சிருப்பியளா?" என்று கேட்டாய். நான் "இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா உள்ளேயிருந்து, "இருக்கு மக்கா, பாதிக் குலசேகரம் இங்கதான் இருக்கு. உக்காரு" என்றார்.

அதன்பிறகு எத்தனை சனிக்கிழமை? மயிலாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். பெட்டி பெட்டியாக விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்தோம். நீ பழம்பொரி தின்ற எண்ணெய்க் கையோடு நெகட்டிவைத் தொட்டதற்கு அப்பா என்னைத் திட்டினார். உன்னைத் திட்டவில்லை. "மங்கல் பக்கம் எங்க இருக்குன்னு பாருலே" என்று நாளுக்குப் பத்துத் தடவை என்மேல் பாய்வார். நீ அதையே சொல்லி என்னைக் கிண்டல் செய்வாய், நான் தோசையைத் தட்டில் போடும்போதும்.

உன் அம்மை கிடைக்கவில்லை. யார் யாரோ கிடைத்தார்கள். கண் மூடியபடி விழுந்துவிட்டதால் வீட்டார் படத்தை வாங்க மறுத்த ஒரு மாப்பிள்ளை. அவன் படத்தைத் துணியில் அச்சடித்துத் தரச் சொல்லி, மூடிய கண்ணில் ஒரு இமைமயிர் விடாமல் கறுப்பு நூலால் தைத்தாய். தைத்து முடித்ததும் அவன் தூங்குகிறவன் மாதிரி ஆகிவிட்டான். அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எடுத்தப்போ இவன் இவ்வளவு அழகில்ல கேட்டியா" என்றார். அதுதான் நம் ஒன்றாம் நம்பர்.

அப்பா போன பிறகு ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். இங்கே ஏ.சி. லேபில் பழம்பொரி தின்ன விடமாட்டார்கள். சனிக்கிழமை வந்தால் என்ன செய்வது என்று இன்னும் எனக்குப் பழகவில்லை.

ஆகஸ்ட் 15. மறக்காதே.

சுஜின்

*

மயிலாடி
10.8.2025

சுஜின்,

முடிஞ்சுது. குழாய்க்குள்ள மடிப்பு விழாம சுருட்டி வச்சிருக்கேன்.

எத்தனை தையல்னு கண்காட்சிக்காரங்க கேப்பாங்கன்னு உனக்கு எண்ணிக்கை வேணுமாயிருக்கும். நான் எண்ணல்ல.

பின்பக்கத்தப் பாக்காத. முன்ன உள்ள பதினொண்ணுக்கும் பின்பக்கம் துடைச்சு வச்சதுபோல இருக்கும், உனக்குத் தெரியும். இதுல இடங்கையால தைச்ச இடமெல்லாம் முடிச்சு. முதுகுல அட்டை ஒட்டிக் கண்ணாடி போட்டுரு.

அடியில வைக்க அட்டையில எழுதிக்கோ: படம் சுஜின், தையல் ஆதிரா. இனி அதுல எனக்குச் சடவு இல்ல. அம்மை படம் வேற ஏதாவது கிடைச்சா எனக்கு அனுப்பாத. பதிமூணாவதுக்கு நீ வேற ஆளப் பாத்துக்கோ.

சனிக்கிழமை எனக்கும் பழகல்ல. ஆனா பழகிக்கிடணும்.

ஆதிரா

*

காக்கநாடு
2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு, காலை 9.15

ஆதிரா,

இதை நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார முடியவில்லை.

நேற்று கண்காட்சி. நம் படத்துக்குத் தனிச்சுவர். டாக்டர் கோட்டயத்திலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். மாட்டுவதற்கு ஆள் குறைவாக இருந்ததால் அவருடைய டிரைவரும் ஒரு பக்கம் பிடித்தார். தங்கச்சன் என்று பெயர், அறுபது இருக்கும். மாட்டி முடித்ததும் எல்லோரும் உன் தையலைப் பார்த்தார்கள். அவர் மட்டும் மரத்தைப் பார்த்தார்.

"மோனே, இது எவிடத்து ரப்பர்?"

"எங்க ஊர். குலசேகரம்."

"அப்போ குலசேகரத்துல மரத்துக்கெல்லாம் இடதும் வலதும் மாறிப் போச்சா?"

என்ன சொல்கிறீர்கள் என்றேன். அவர் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார், இடது மேலிருந்து வலது கீழே. "வெட்டு இங்ஙன இறங்கும். எல்லா மரத்திலும். மரத்துக்குள்ள பால் வர்ற குழல் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு கிடக்கு, அதுக்கு எதிராத்தான் வெட்டணும். இந்தச் சேச்சி வலது மேலிருந்து இடது கீழே வெட்டியிருக்கு. இங்ஙன வெட்டினா சிரட்டை நிறையறதுக்கு நாள் பிடிக்கும்." அதோடு விட்டாரா. "இடங்கைக்காரியானாலும் இங்ஙன வெட்டாது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சண்டைக்குப் போனேன். எட்டு வருடமாக ஸ்கேன் செய்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

"மோன் எட்டு வருஷம் ஸ்கேன் செஞ்சு. சரி. நான் வண்டி ஓட்ட வர்றதுக்கு முன்னே இருபது வருஷம் ரப்பர் வெட்டினதாக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நேராக லேபுக்கு வந்து நெகட்டிவை எடுத்தேன். அதற்கு இரண்டு பக்கம். ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். எது எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் அப்பா நாளுக்குப் பத்துத் தடவை கத்தினார். போன மாதம் அதை ஒரு பழைய தமாஷாக உனக்கு எழுதினவன் நான். எழுதும்போதுகூடப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

நடந்தது இது. இருபத்திரண்டு வருடம் கவருக்குள் கிடந்து நெகட்டிவ் வளைந்திருந்தது. ஸ்கேனர் கண்ணாடியில் படுக்கவில்லை. இரண்டு நாள் புத்தகத்துக்குள் வைத்து நிமிர்த்தியிருக்க வேண்டும். எனக்கு அவசரம். திருப்பிப் போட்டேன், படுத்தது. பிறகு கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன். ஓரத்திலுள்ள எண்ணாவது இடவலம் மாறித் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்ததால் அதை முன்னமே வெட்டி எறிந்திருந்தேன்.

நீ கேட்டாய். "திருப்பிக் கிருப்பிப் போட்டியா, பாத்துச் சொல்லு" என்று கேட்டாய். நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இல்லை என்று எழுதினேன்.

ரப்பருக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் எண்பது மரம். ஒன்றில்கூட வெட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று நான் பார்த்ததில்லை.

உன் அம்மை வலங்கைக்காரி. கத்தி வலது கையில். நீ இடது பக்கம் நிற்கிறாய். நீ பிடித்திருப்பது இடது சுண்டுவிரல். சட்டை ஆண் சட்டை, உன் அப்பாவுடையதாகத்தான் இருக்கும். நீ எழுதினது எல்லாம் சரி.

மன்னிப்பு என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

சுஜின்

*

மயிலாடி
29.8.2025

சுஜின்,

உன் கடுதாசி வந்து மூணு நாளாச்சு. முதல் நாள் உன்ன அடிக்கணும்போல இருந்துது. ரெண்டாம் நாள் துணி துவைச்சேன், வீட்டுல உள்ளதெல்லாம், துவைச்சதையே திருப்பித் துவைச்சேன். அத்தை "கிறுக்குப் பிடிச்சா போச்சு" என்று கேட்டது. சொன்னேன். அது கேட்டுட்டு, "அப்ப சட்டை நம்ம வீட்டுதுதான்" என்றது. அவ்வளவுதான் அதுக்கு வேண்டியது. அது ராசி.

எனக்கு அது போதாது.

நீ நெகட்டிவத் திருப்பினது எனக்குப் பெருசில்ல. கை தப்பும். நானும் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கவதான். ஆனா எனக்கிட்ட இருந்தது ஒரே ஒண்ணு. உனட்ட பெட்டி பெட்டியா இருக்கு, எங்க ஊரு சனம் பூரா இருக்கு. எனக்கிட்ட ஒரு விரல்தான் இருந்துது. அத நான் முதல் முதலா ஒரு ஆளுட்ட எடுத்துக் காட்டினேன். "வேற யாருடைய விரலோ" என்று எழுதின. அந்த வரியப் படிச்ச அண்ணைக்கு எனக்கு வெக்கமா இருந்துது சுஜின். யாரோட விரலையோ பிடிச்சுக்கிட்டு இத்தனை வருசம் அம்மைன்னு நினைச்சிருந்தேனேன்னு.

இப்ப நீ சரின்னு எழுதியிருக்க. கடுதாசியக் கையில வச்சுக்கிட்டுக் கண்ண மூடி இடது பக்கம் போய் நின்னேன். வரல்ல. நீ சொன்னதும் போறதுக்கும், நீ சொன்னதும் வாறதுக்கும் அது என்ன, கரண்டா?

படத்தக் கழத்து. டாக்டர்ட்ட என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ. அது என் அம்மை இல்ல, கண்ணாடிக்குள்ள நிக்க யாரோ. எனக்கு அனுப்பு, நான் பிரிச்சுப் போடுகேன். துளை இருக்கும், தெரியும். இருக்கட்டும்.

அதுக்குப் பிறவு என்ன செய்யப்போற? சும்மா வருத்தம்னு எழுதாத. நீதான் எல்லாத்துக்கும் நம்பர் போடுகவனாச்சே. நம்பர் போட்டு எழுது.

ஆதிரா

*

காக்கநாடு
2025 செப்டம்பர் 2, செவ்வாய், காலை 6.40

ஆதிரா,

மேசைமேல் இருப்பது: படம் ஒன்று, நெகட்டிவ் ஒன்று, பஸ் டிக்கெட் ஒன்று. மொத்தம் மூன்று.

நேற்று போய்க் கழற்றினேன். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஒரே உற்சாகம். தப்பு இருப்பதால் இன்னும் அபூர்வமாம், அப்படியே வேண்டுமாம். இது விற்பனைக்கு இல்லை என்றேன். "அதைத் தீர்மானிக்க வேண்டியது அந்தப் பெண் அல்லவா?" என்று கேட்டார். அவள்தான் தீர்மானித்தாள் என்றேன். தங்கச்சன் ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தார்.

சுருட்டுவதற்காகச் சட்டத்திலிருந்து எடுத்து, முதுகில் ஒட்டியிருந்த அட்டையை உரித்தேன். பார்க்கக்கூடாது என்று நீ சொன்ன பக்கம். பார்த்துவிட்டேன். அட்டையை உரித்தால் கண்ணில் படாமல் இருக்காது.

அச்சு அந்தப் பக்கம் லேசாகத்தான் ஊறியிருக்கிறது. நூல்தான் தெரிகிறது. முடிச்சு, ஓட்டு நூல், இடங்கையால் நீ திணறின இடமெல்லாம் மேடு பள்ளம். ஆனால் ஆதிரா, பின்பக்கத்திலிருந்து பார்த்தால் மரத்தின் வெட்டு இடது மேலிருந்து வலது கீழே இறங்குகிறது. கத்தி வலது கையில் இருக்கிறது. சட்டை ஆண் சட்டை. நீ அவளுடைய இடது பக்கம் நிற்கிறாய். நான் திருப்பினதை உன் ஊசி, உனக்கே தெரியாமல், ஒவ்வொரு குத்துக்கும் மறுபடி திருப்பியிருக்கிறது.

அந்த விரலில்தான் முடிச்சு அதிகம். இடது சுண்டுவிரல். முடிச்சுமேல் முடிச்சாகத் தடித்து, சொரசொரவென்று இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், ஒரு தடவை. காய்ந்த ஒட்டுப்பாலைச் சின்ன வயதில் தொட்டிருக்கிறேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்லக்கூடாது. அது உன் காரியம்.

படத்தைக் கூரியரில் அனுப்பவில்லை. நீ நம்பர் கேட்டாய்.

1. நாளை மறுநாள், ஓணத்துக்கு முந்தின நாள், நாகர்கோவில் வந்து அங்கிருந்து மயிலாடி பஸ் பிடிப்பேன். பத்து மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். நீ கதவைத் திறக்காவிட்டால் கிருஷ்ணமணி அண்ணன் கல் கொத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

2. நெகட்டிவை உன் கையில் தருவேன். அது என் பெட்டியில் இருக்க வேண்டியது இல்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எந்தப் பக்கம் மங்கல் என்று நீயே பார்த்துக்கொள்.

3. படத்தைப் பின்பக்கம் உன்னைப் பார்க்கிறபடி வைப்பேன். பிரிக்க வேண்டும் என்று அப்போதும் நீ சொன்னால் கத்தரிக்கோலை எடுத்துத் தருவேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

4. அட்டையில் எழுத வேண்டியதை மாற்றிவிட்டேன், பன்னிரண்டுக்கும். "படம்: பொன்னுலிங்கம்" என்று அப்பா பெயர் வரும். "கலைஞர்: ஆதிரா" என்று உன் பெயர் வரும். டாக்டர் வீட்டுச் சுவரில் இருக்கிற ஆறுக்கும் நானே போய் ஒட்டிவிட்டு வருவேன். பன்னிரண்டாவதில் மட்டும் என் பெயர் உண்டு. "ஸ்கேன் பிழை: சுஜின்."

5. நீ வருவதானால் அன்றைக்கே குலசேகரம் போவோம். ஸ்டுடியோ சாவி என்னிடம் இருக்கிறது. பழம்பொரி வாங்கிக்கொள்ளலாம், கையைத் துடைக்காமலேயே எதை வேண்டுமானாலும் தொடு.

6. மறுநாள் வெளிச்சம் வருமுன் எங்கள் வீட்டுப் பின்னால் அந்த எண்பது மரத்துக்குள் நடப்போம். நான் உன் இடது பக்கம் நடப்பேன். வலது பக்கம் உன் அம்மை நடந்த பக்கம், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

7. உனக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று நீ சொல்லுவாய். அல்லது ஒன்றும் வரவில்லை என்பாய். எதுவானாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

சுஜின்